நுண்கணிதத்துக்கு ஜியோஜீப்ரா: கோத்தகிரி வகுப்பறையிலிருந்து

ப்ளஸ் ஒன்னில் வகையிடல் (வளைவின் சாய்வைக் கண்டுபிடிக்கும் கணக்கு) ஆரம்பித்தாலே பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். சாய்வு என்றால் என்ன என்று நம் மலைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், கல்லாறு - குன்னூர் பல்சக்கரப் பாதையில் ரயில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் வளைவில் ஒரே ஒரு புள்ளியில் சாய்வு என்றால் முழிக்கிறார்கள். அங்கேதான் ஜியோஜீப்ரா கைகொடுக்கிறது. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க்கில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, வரைபடத்தை நகர்த்திப் பார்க்கக்கூடிய கணித மென்பொருள் இது. வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தினால் இலவசம்.

இதற்கு முன் காசு கட்டி ஒரு வீடியோ பாடம் வாங்கினோம், பெயர் வேண்டாம். படம் அழகாக ஓடும், ஆனால் மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்காது, ஏனென்றால் பிள்ளைகளின் கை படுகிற இடமே அதில் இல்லை.

ஜியோஜீப்ராவில் எக்ஸ் ஸ்கொயர் வளைவை வரைந்து, (1, 1) என்ற புள்ளியையும் கிடைமட்டமாக ஹெச் தூரம் தள்ளி வளைவின் மேல் இன்னொரு புள்ளியையும் கோட்டால் இணைத்து, ஹெச்சுக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்தால் எண் மாறும் பட்டை) போட்டு போனை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஹெச் 1 என்றால் சாய்வு 3. 0.1 என்றால் 2.1. 0.01 என்றால் 2.01. சரி, பூஜ்யத்துக்கே தள்ளினால்? கோடே காணாமல் போய்விடும், இரண்டு புள்ளியும் ஒன்றான பிறகு கோட்டை எப்படி வரைவது! "கோடு எங்க போச்சு, மிஸ்?" என்று ஒருத்தி கேட்கும்போதுதான் எல்லை என்ற பாடமே, அதாவது ஹெச் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சாய்வு எதை நெருங்குகிறது என்பதே, உண்மையில் தொடங்குகிறது. எனக்கு இந்த ஒன்றுக்காகவே இதைப் பிடிக்கும். ஸ்லைடர் முதலில் 0.1 அளவாகத்தான் நகரும், அமைப்புகளில் போய் 0.01 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

தொகையிடலுக்கும், அதாவது வளைவுக்குக் கீழே உள்ள பரப்பைக் காண்பதற்கும், நல்லது. அதே வளைவுக்குக் கீழே 0 முதல் 1 வரை 10 செவ்வகம் போட்டால் கீழ்க்கூடுதல் (வளைவுக்குள் அடங்கும் செவ்வகங்களின் மொத்தப் பரப்பு) 0.285, மேற்கூடுதல் (வளைவை மூடும் செவ்வகங்களின் மொத்தப் பரப்பு) 0.385, 100 போட்டால் 0.32835, 0.33835. உண்மையான பரப்பான மூன்றில் ஒரு பங்கு நடுவில் மாட்டிக்கொள்வதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள்.

மழைக்காலத்தில் இங்கே சிக்னல் போய்விடும் என்பதால் செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள், அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். சின்னத் திரையில் விரலால் ஸ்லைடரை நுணுக்கமாக நகர்த்துவது சிரமம்தான், டேப்லெட் கிடைத்தால் நல்லது. தேர்வில் படிப்படியாக எழுதித்தானே ஆக வேண்டும், அதனால் போனை வைத்த கையோடு அதே கணக்கை வரையறையிலிருந்து நோட்டில் போடச் சொல்லிவிடுவேன்.