ஆடியோமாத்: நம் செவிக்கு மேலே இருக்கும் இரவு – ஒரு கருவியின் மதிப்புரை

மனிதச் செவிக்கு எட்டும் ஒலி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. நடுவயதைக் கடந்தவர்களுக்கு அதற்கும் வெகு கீழேயே முடிந்துவிடுகிறது. ஊர் அடங்கிய பின் மொட்டை மாடியில் நின்று, "ஒரு சத்தமும் இல்லை" என்று நாம் ஆறுதலோடு சொல்லும் நேரத்தில், தலைக்கு மேலே சில முழ உயரத்தில் பெருங்கூச்சல் நடந்துகொண்டிருக்கக்கூடும். பூச்சி தின்னும் வௌவால்கள் பலவற்றின் குரல், வாய்க்கு அருகில் அளந்தால், 110 டெசிபலையும் தாண்டும். அத்தனை உரத்த குரலை நாம் அமைதி என்று எண்ணி அதற்குள் நிம்மதியாக உறங்குகிறோம். அந்த அமைதிக்குள் இருப்பதைப் பதிந்து தரும் சிறு கருவி ஆடியோமாத். நான் வாங்கிய வேறெந்தப் பொருளும் என் வீட்டைச் சுற்றியுள்ள இரவை இந்த அளவுக்கு எனக்கு அந்நியமாக்கியதில்லை. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கிய கருவி இது. இதன் பின்னால் ஒரு தேடல் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள நியூ ஃபாரஸ்ட் வனத்தில் வாழ்ந்த ஒரு சில்வண்டு இனத்தின் குரல் 1990களுக்குப் பிறகு அங்கே கேட்கவில்லை. வயதானவர்களின் செவிக்கு எட்டாத அளவுக்கு உயர்ந்த அந்தக் குரல் எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடும் முயற்சியிலிருந்துதான் மலிவான, நெடுநேரம் தனியே விழித்திருக்கக்கூடிய ஓர் ஒலிப்பதிவுக் கருவிக்கான எண்ணம் வளர்ந்தது. இல்லாமற்போனதாகக் கருதப்படும் ஓர் உயிருக்காகக் காதைத் திறந்து காத்திருப்பது என்ற அந்தத் தொடக்கம், இன்று யார் வாங்கிப் பயன்படுத்தினாலும் இக்கருவியின் இயல்பில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பார்வைக்கு இதில் எதுவும் இல்லை. 58 மில்லிமீட்டர் நீளம், 48 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மின்சுற்றுப் பலகை. அதன் முதுகில் மூன்று ஏஏ மின்கலங்கள். ஒரு மைக்ரோ எஸ்டி அட்டைக்கான இடம். ஒரு சிறு விசை. ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. திரை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. மின்கலமும் அட்டையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். நீர் புகாத உறை தனியாகக் கிடைக்கிறது. வாய் மூடக்கூடிய நெகிழிப் பையில் போட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடும் ஆய்வாளர்களும் உண்டு. கணினியில் இணைத்து, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எவ்வளவு இடைவெளி விட்டு, எந்த வேகத்தில் பதிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மின்கலத்தைக் கழற்றினால் உள்ளிருக்கும் கடிகாரம் நேரத்தை மறந்துவிடும். அப்போது கைபேசிச் செயலி எழுப்பும் சிறு இசையொலியைக் காதால் கேட்டே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியும் இதற்கு உண்டு. அதை முதன்முறை பார்த்தவர் யாரும் ஒரு கணம் கருவியை உற்று நோக்காமல் இருக்க மாட்டார்கள்.

இதன் மதிப்பு நொடிக்கு 3,84,000 முறை ஒலியை அளக்கும் திறனில் இருக்கிறது. அளக்கும் வேகத்தில் பாதி வரையிலான அதிர்வெண்ணையே ஒரு கருவியால் உண்மையாகப் பதிய முடியும் என்பதால், 192 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி இதன் கைக்குள் வருகிறது. அதற்குக் கொடுக்கும் விலை நினைவக அட்டையின் இடத்தில் தெரியும்: அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 46 மெகாபைட், மணிக்கு 2.7 கிகாபைட்டுக்கு மேல். இடைவிடாமல் பதிந்தால் 64 கிகாபைட் அட்டை ஒரு நாள் தாங்காது.

காலையில் கோப்பைத் திறந்து அப்படியே ஓடவிட்டால் எதுவும் கேட்காது. இரைச்சல் மட்டும் இருக்கும். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், பதிவின் வேகத்தை 38,400 என்று மாற்றினால் ஒலி பத்து மடங்கு மெதுவாகிறது. 45 கிலோஹெர்ட்ஸில் இருந்த குரல் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி நம் செவிக்குள் நுழைகிறது. அந்த இறக்கத்தில்தான் திகைப்பு தொடங்குகிறது. தெருவிளக்கைச் சுற்றும் சின்னஞ்சிறு வௌவால், பறவையைப் போல மேலிருந்து கீழே வழுக்கும் குரலில் ஒவ்வொன்றாக அழைக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும், சுவரிலோ மரத்திலோ பட்டுத் திரும்பும் எதிரொலி தனியாக, மெலிதாகக் கேட்கிறது. அந்த எதிரொலியைக் கேட்டுத்தான் அது இருட்டில் வழியையும் இரையையும் அறிகிறது. நான் பிறந்து வளர்ந்த தெருவின் சுவர்கள் ஒவ்வோர் இரவும் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன என்பதை அறிந்தபோது, அந்தச் சுவர்களை வேறு யாருக்கோ உரியவை போலப் பார்த்தேன். அழைப்புகள் இயல்பாக நொடிக்குப் பத்து அளவில் வருகின்றன. பூச்சி ஒன்று அகப்படும் தருணத்தில் அவை நெருங்கி, நொடிக்கு 150க்கும் மேலாகப் பெருகி, ஒற்றை முறுக்கொலியாகி, சட்டென நின்றுவிடும். அந்த நிறுத்தத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது, அல்லது தப்பியிருக்கிறது. எது நடந்தது என்பதைப் பதிவு சொல்வதில்லை.

இதைவிட என்னை அசைத்தது இலைமூக்கு வௌவாலின் குரல். பாழடைந்த மண்டபங்களிலும் பழைய கோயில்களிலும் கிணறுகளிலும் தங்கும் அந்த இனம் ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸில் ஒரே சுதியைப் பிடித்து, முடிவில் மட்டும் சரேலெனக் கீழிறங்கும். இருபது மடங்கு மெதுவாக்கினால் சீழ்க்கை போலத் தெளிவாகக் கேட்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்வளவு உயர்ந்த ஒலியைக் காற்று வெகு விரைவில் உறிஞ்சிவிடும். சில மீட்டரைத் தாண்டுவதற்குள் அது தேய்ந்துபோகிறது. ஆகவே அக்குரல் பதிவில் உரக்க இருக்கிறதென்றால், அது கருவிக்குக் கையெட்டும் தொலைவில் வந்து போயிருக்கிறது என்றே பொருள். எங்கள் கிணற்றடியில் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் கருவியை வைத்துவிட்டு நான் உறங்கிய இரவின் பதிவில் அது திரும்பத் திரும்ப வருகிறது. என் முகத்துக்கு மேலே, என் முகத்தின் வடிவத்தையும் சேர்த்து அளந்தபடி அது பறந்திருக்கும். அச்சமூட்டும் எண்ணம்தான், ஆனால் அதில் தீங்கு எதுவும் இல்லை. அது கொசுவையோ அந்துப்பூச்சியையோ தேடி வந்தது. நான் அதன் வழியில் கிடந்த ஒரு மேடு.

வௌவாலைப் பற்றி நம்மிடையே இருக்கும் பயத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் பெரிய பழந்தின்னி வௌவாலைச் சார்ந்தது. அதுவோ கண்ணாலும் மோப்பத்தாலும் வழி அறிவது. நம் செவிக்கு எட்டாத இந்த மீயொலிக் கூச்சலில் அதற்குப் பங்கே இல்லை. கேட்காமலே இருந்துவந்த சிறு வௌவால்களின் கதை அதைவிட விந்தையானது. 1793இல் இத்தாலிய இயற்கையியலாளர் ஸ்பல்லன்சானி, ஆந்தையே தடுமாறும் முழு இருட்டில் வௌவால் இடிக்காமல் பறப்பதைக் கண்டார். கண்ணை இழந்த வௌவால்களும் அவ்வாறே பறந்து, வயிறு நிறைய இரை தின்றிருந்ததையும் கண்டார். ஜெனீவாவின் அறுவை மருத்துவர் ழூரின் காதை அடைத்தபோதுதான் அவை முட்டி மோதின. எதுவும் கேட்காத இடத்தில் காதுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை தெரியாமல், கற்றவர்கள் ஒன்றரை நூற்றாண்டு அளவுக்கு இதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1938இல் ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கியிருந்த மீயொலிக் கருவியின் முன் ஒரு கூண்டு வௌவாலைக் கொண்டுபோய் வைத்த பிறகே அந்தக் கூச்சல் மனிதர்க்குக் கேட்டது. அன்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் மட்டுமே கிட்டியது இன்று சட்டைப் பைக்குள் அடங்குகிறது.

பதிவுகளில் வௌவால் மட்டும் இல்லை. சாவிக்கொத்து குலுங்கும்போது எழும் மீயொலி மெதுவாக்கினால் கோயில் மணிகளின் வரிசையாக நீள்கிறது. எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் தமக்குள் பேசிக்கொள்கின்றன. சில வெட்டுக்கிளி இனங்களின் கீச்சொலி நம் செவியின் எல்லையைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இவற்றோடு, கைபேசி மின்னேற்றியும் எல்இடி விளக்கின் மின்மாற்றுப் பகுதியும் இரவு முழுவதும் விடாமல் ரீங்கரிக்கின்றன. அவற்றின் சுதி சில நேரம் மெல்ல அலைகிறது, மூச்சு விடுவதைப் போல. ஒலியின் அதிர்வெண்களை வரைந்து காட்டும் நிறமாலைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, இது பூச்சியா, சுவரில் செருகிய பொருளா என்று முடிவுகட்ட முடியாமல் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததுண்டு. ஜெர்மானிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906இல் எழுதிய கட்டுரையில், ஒன்று உயிருள்ளதா அல்லாததா என்ற ஐயமே இனம்புரியாத அச்சத்தின் ஊற்று என்றார். அவர் மெழுகுச் சிலைகளையும் தானியங்கிப் பொம்மைகளையும் மனத்தில் வைத்துச் சொன்னது, நம் வீட்டு மின்செருகிக்கும் பொருந்துகிறது.

கருவியின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை எங்கள் தெருக்கோடி மண்டபத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன். அதன் தரையில் தவளைக் கால்களும் பல்லி வாலும் பூச்சிச் சிறகுகளும் சிதறிக் கிடக்கும். ஆங்கிலத்தில் 'இந்தியன் ஃபால்ஸ் வாம்பயர்' எனப்படும் பெருஞ்செவி வௌவால் இரையைக் கொண்டுவந்து தொங்கியபடி தின்ற இடம் அது. பெயரில் என்ன இருந்தாலும் அது இரத்தம் குடிப்பதில்லை. அந்த வௌவால், இரை எழுப்பும் சத்தத்தைக் கேட்டே முழு இருட்டிலும் அதைக் கவ்விவிடும் என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது குரல் கொடுத்தாலும் மிக மெல்லியதாகவே கொடுக்கும். மண்டபத்தில் வைத்த கருவி இலைமூக்கு வௌவாலின் அழைப்புகளை நிறையப் பதிந்திருந்தது. பெருஞ்செவி வௌவாலுடையது என்று நான் உறுதியாகச் சுட்டக்கூடிய ஒன்றும் அதில் இல்லை. தரையில் சாட்சியம் கிடக்கிறது, பதிவிலோ அமைதி. வெறுமை என்று நாம் நினைத்ததைக் கருவி நிரப்பிக் காட்டிய பிறகும், அதற்குள் இன்னொரு வெறுமை மிஞ்சுகிறது. அதற்குள்ளும் ஒன்று செவிசாய்த்துக்கொண்டு தொங்குகிறது.

ஆகவே இதை யார் வாங்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். வௌவால் பறக்கும்போதே அதன் குரலை அந்தக் கணத்தில் கேட்க விரும்புவோர்க்குக் கையில் பிடிக்கும் வௌவால் உணர்விகளே ஏற்றவை; இதை யுஎஸ்பி ஒலிவாங்கியாக மாற்றிக் கணினியோடு கேட்க முடியும் என்றாலும் அதற்குத் தனி மென்பொருளை ஏற்ற வேண்டும். மிக உயர்ந்த அதிர்வெண்களில் இதன் ஒலிவாங்கியின் கூர்மை குறைகிறது. ஆய்வுத் தரத்தில் இனங்களைப் பிரித்தறிய விலை கூடிய கருவிகள் உண்டு. இரவில் தன் வீட்டைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று அறியும் ஆர்வமும், மறுநாள் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் நேரமும் உள்ளவர்களுக்கு, ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் உட்பட, தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். முதல் இரவுக்கு 250 கிலோஹெர்ட்ஸ் வேகமும் (நொடிக்கு 2,50,000 முறை அளத்தல்), ஒலியைப் பெருக்கிப் பதியும் அளவான 'கெய்ன்' நடுத்தரமாகவும் இருந்தால் போதும். அழைப்புகள் பழகிய பிறகு 384க்குப் போகலாம். சூரியன் மறைந்த பின் ஒன்றரை மணி நேரம்தான் மிகுந்த நடமாட்டம் உள்ள பொழுது. ஐந்து நொடி பதிவு, ஐந்து நொடி ஓய்வு என்று வைத்தால் அட்டையும் மின்கலமும் தாங்கும். மின்விசிறி, மின்னேற்றி ஆகியவற்றிலிருந்து விலக்கி, சுவரை ஒட்டாமல், திறந்த வெளியை நோக்கித் தொங்கவிடுங்கள். வௌவால்கள் குட்டியோடு தங்கியிருக்கும் இடங்களுக்குள் புகுந்து வைக்காதீர்கள். வாயிலுக்கு வெளியே வைத்தாலே போதும். இக்கருவி மனிதப் பேச்சையும் அதே உண்மையோடு பதியும் என்பதால், அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டு வையுங்கள்.