சென்னைக்கு வாட்ச் பார்க்கப் போகிறீர்களா? ஊருக்குத் திரும்பும் ரயிலைக் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள்

போன மாதம் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்சோடு சென்னை போனேன். திரும்பி வந்தபோது பையில் இருந்தது அதே பின்மூடி போட்ட வேறொரு வாட்ச். என்னைப் போல வெளியூரிலிருந்து ஒரு நாள் திட்டம் போட்டு, பழைய மணிக்கூண்டுகளைப் பார்த்துவிட்டு அப்படியே வாட்ச் வாங்கவோ பழுது பார்க்கவோ போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது தப்பட்டும் என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

அப்பா மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஸ்டாண்டுக்குள் வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதும் வேலை. வேலைக்குச் சேர்ந்த 1981-இல் வாங்கியது அந்த ஜனதா. வெள்ளை டயல், சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே சக்கரங்கள் தேயாமல் இருக்க வைக்கும் சின்னக் கற்கள் 17. ஓய்வு பெறும்வரை அவர் கையில் வேறு வாட்சை நான் பார்த்ததில்லை. ஒரு ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் இறங்கி, டயலில் 4-க்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி விழுந்தது. அதை மாற்றித் தரட்டுமா என்று வாட்ச் கடை பாய் கேட்டபோதும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

சில மாதங்களாக வாட்ச் நாளைக்குப் பத்து நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. எங்கள் பாய்க்கு வயதாகி கை நடுங்குகிறது, சாவி வாட்சைப் பிரித்து வேலை செய்வதை நிறுத்திவிட்டார். அவர் மகனுக்கு பேட்டரி மாற்ற மட்டும்தான் தெரியும். சரி, சென்னையில் கொடுத்துப் பார்ப்போம் என்று கிளம்பினேன். எனக்குக் கடிகாரங்கள் மேல் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். போவதுதான் போகிறோம், ஊரில் உள்ள பழைய கடிகாரங்களையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூர், அதே நாள் இரவு பாண்டியனில் திரும்புவது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், சென்ட்ரல். வெளியே வந்து நின்றால் சென்ட்ரலின் மணிக்கூண்டு, அதற்குப் பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. ரிப்பன் மாளிகைக் கடிகாரம் கட்டடத்தோடு 1913-இல் வந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரத்தைப் போலக் கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும் வகை. அதற்கான நான்கு மணிகளும் இங்கிலாந்தில் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் வார்த்தவை. அந்த அதிகாலையில் போக்குவரத்து இல்லாத நேரத்தில் நின்று பார்த்தது இந்தப் பயணத்தில் எனக்கு மிச்சமான நல்ல விஷயங்களில் ஒன்று.

பத்தரைக்குக் கடைகள் திறக்கும் நேரம் பாரிமுனைக்கு வந்தேன். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. பெயரை எழுதப் போவதில்லை, என் கையில் உள்ள ஆதாரம் அதற்குப் போதாது. வாசலில் கண்ணாடிப் பெட்டி நிறையப் பழைய எச்.எம்.டி.யும் ஜப்பானின் சைக்கோ (Seiko) வாட்சுகளும். உள்ளே இருந்தவர் நல்ல மரியாதையாகப் பேசினார். வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார், இரண்டு சுற்று சாவி கொடுத்தார், "சுத்தமான பீஸ் சார், அப்பாவோடதா?" என்றார். அடுத்த கேள்வி: "ஊருக்கு எப்ப சார் திரும்புறீங்க?"

நான் ரயில் பெயரோடு சொன்னேன்.

"ஆறு மணிக்கு வந்துடுங்க, ரெடியா இருக்கும். ஆயிரத்து எண்ணூறு ஆகும்." என் எதிரிலேயே திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். "தூசி போயிடும் சார், உள்ளே மாஸ்டர் டேபிள்ல வச்சுத்தான் திறக்கணும்" என்றார். நியாயமாகத் தோன்றியது. ஒரு துண்டுச் சீட்டில் 'வாட்ச் சர்வீஸ் 1' என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, என்ன வாட்ச் என்றுகூட இல்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து நுங்கம்பாக்கம். கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை மைய வளாகத்துக்குள் பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அது அலுவலக வளாகம், முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியபோது கருவிகளைத் தாங்குவதற்காக நிறுத்திய தூண் அது. மேலே கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு. அந்த இடத்தின் நேரம்தான் மெட்ராஸ் டைம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். நாட்டின் ரயில்களே ஒரு காலத்தில் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது கடிகாரத்தை அதிலிருந்து 8 நிமிடம் 46 வினாடி முன்னால் தள்ளிவைத்தார்கள். ஆயுள் முழுக்க வண்டி நேரம் எழுதியவருக்கு இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? அங்கிருந்தே அப்பாவுக்கு போன் செய்தேன். "வெறும் தூணாடா? அதுல இருந்தா ரயிலுக்கெல்லாம் டைம் போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பாரிமுனைச் சந்தில் அவர் வாட்சைப் பிரித்திருக்க வேண்டும்.

மத்தியானம் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் மணிக்கூண்டு, அப்புறம் ராயப்பேட்டை மணிக்கூண்டு. ஆறு மணிக்குச் சரியாகக் கடைக்கு வந்துவிட்டேன்.

வாட்ச் தயாராகவில்லை. "மாஸ்டர் ஃபைனல் செட்டிங் பண்றார் சார், அரை மணி." அரை மணி ஒரு மணியானது. நான் நின்றுகொண்டே இருந்தேன். சும்மா நிற்க வேண்டாமே என்று ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். அதில் ஆரஞ்சு டயல் போட்ட சைக்கோ 5 ஒன்று. "யாரும் கட்டாத பழைய ஸ்டாக் சார், இது மாதிரி இனி கிடைக்காது." பளபளவென்று இருந்தது. 6,500 ரூபாய். மணி ஏழே முக்கால் தாண்டியபோது அப்பாவின் வாட்ச் வெளியே வந்தது. புதிது போல வெள்ளை வெளேரென்று இருந்தது டயல். பழுப்புப் புள்ளியைக் காணோம். கேட்டதற்கு "டயல் கழுவிட்டோம் சார்" என்றார். விலையும் 3,400 ஆகியிருந்தது, பார்ட்ஸ் மாற்றினார்களாம். மாற்றிய பழைய பார்ட்ஸைக் கொடுங்கள் என்று கேட்க வாய் வந்தது. மனதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

காலையில் அப்பா கையில் கொடுத்தேன். டயலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாவி கொடுத்தார். நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினார். "இது இவ்வளவு கரகரன்னு சுத்தாதே." இன்னும் இரண்டு சுற்று. "தம்பி, இது நம்ம வாட்ச் இல்லடா."

பாயிடம் கொண்டுபோனோம். கை நடுங்கினாலும் அவருக்குக் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்க்க முடியும், மூடியை மகன் திறந்து கொடுத்தான். வாட்ச் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தேதியைக் கீறி வைப்பார்கள். மூடியில் பாயின் கீறல்கள் வரிசையாக இருந்தன, 1988-இல் முதல் சர்வீஸ் செய்ததுகூட. அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூடி என்னோடது. மெஷின் என்னோடது இல்ல." ஸ்க்ரூ தலைகள் பிய்ந்திருந்தன, ஒரு ஸ்க்ரூவே இல்லை, சாவிச் சக்கரத்தில் துரு. "நான் கழட்டின ஸ்க்ரூ இப்படி இருக்காது தம்பி" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். லென்ஸை என்னிடம் கொடுத்து டயலைப் பார்க்கச் சொன்னார். எழுத்துகளின் ஓரம் மை ஊறியது போலத் தடித்திருந்தது. நிமிடக் கோடுகள் மணிக் கோடுகளோடு நேராகச் சேரவில்லை. பெயின்ட் அடித்து மறுபடி அச்சிட்ட டயல். பழைய டயலைக் கழுவினால் எழுத்தும் சேர்ந்துதான் போகும், புதிது போல ஆகாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சைக்கோவையும் காட்டினேன். சைக்கோவில் பின்மூடியில் ஒரு மாடல் எண் இருக்கும், டயலின் கீழ் விளிம்பில் ஆறு மணிக்கு அடியிலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். பொதுவாக இரண்டும் ஒரே மெஷின் எண்ணில் தொடங்கும். இதன் மூடியில் 7009 என்று தொடங்குகிறது, டயலின் அடியில் எழுத்தே இல்லை. நாலைந்து வாட்சிலிருந்து எடுத்துச் சேர்த்தது. யாரும் கட்டாதது என்று சொன்ன வாட்சின் ஸ்ட்ராப் கம்பி ஓட்டை தேய்ந்திருந்தது.

ஏன் ஒரு ஜனதாவை மாற்ற வேண்டும், அது அவ்வளவு விலை உயர்ந்ததா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதிதாக விற்றபோது அது சாமானியர்களின் வாட்ச்தான். எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகு பழைய வாட்சுக்குப் பார்ட்ஸ் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு வாட்சைத்தான் பிரிக்க வேண்டும். பெயின்ட் அடிக்காத அசல் டயலும், ஒரே கையில் சர்வீஸ் ஆகி நல்ல நிலையில் இருக்கும் மெஷினும் சேகரிப்பவர்களுக்கு வேண்டும். ஒரே குடும்பத்தில் இருந்து, ஒரே மெக்கானிக்கிடம் போய்வந்த வாட்ச் என்பதால்தான் அப்பாவுடையதைப் பார்த்ததும் அந்த ஆள் "சுத்தமான பீஸ்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். சாவி வாட்சை ஒழுங்காக சர்வீஸ் செய்வதென்றால் முழுதும் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கழுவி, தேவையான இடத்தில் மட்டும் எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டி, படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ஒன்றிரண்டு நாளாவது ஓடவிட்டு நேரம் பார்க்க வேண்டும். காலையில் கொடுத்து மாலையில் வாங்கும் வேலையே இல்லை அது. "இன்னைக்கே தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கே கொடுக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கேட்கிறவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், வாங்க இன்னொரு முறை போனால் போகிறது. எந்த ஊர், எப்போது ரயில் என்று கேட்டால் சென்னையிலேயே இருப்பதாகச் சொல்லுங்கள். மற்ற விஷயங்களில் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், இதில் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் ஊரிலேயே தெரிந்த கடையில் மூடியைத் திறந்து, மெஷினை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்க்ரூ தலையும் கீறலும் தெரிய வேண்டும். டயலைத் தனியாக, மூடியின் இரு பக்கத்தையும் தனியாக எடுங்கள். என்னிடம் இருந்தது அப்பா கையில் கட்டியபடி எடுத்த போட்டோக்கள்தான். அவற்றில் டயல் மாறியது தெரிகிறது, மெஷின் மாறியதற்கு ஆதாரம் இல்லை. ரசீதில் வாட்சின் பெயர், மூடி எண், என்ன வேலை, "டயலைத் தொடக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, மாற்றிய பார்ட்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடை உங்களுக்கு வேண்டாம்.

கடைக்கு போன் செய்தேன். "நீங்க கொடுத்ததுதான் சார் அது, எத்தனை பேர் இப்படி வந்து சொல்வாங்க" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பணம் அனுப்பிய விவரம் போனில் இருந்ததால் அதை இணைக்க முடிந்தது. நல்லவேளை ரொக்கமாகக் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் சைக்கோவுக்கான 6,500 திரும்பி வந்தது, வாட்சை கூரியரில் அனுப்பிவிட்டேன். ஜனதாவைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, சம்பவம் சென்னையில் நடந்தாலும் நான் குடியிருக்கும் மதுரையிலேயே கொடுக்கலாம். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் கையில் உள்ள ஆதாரத்துக்குப் பணம்தான் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. அந்த வாட்சை பீரோவில் வைத்துவிட்டார். நேரம் பார்க்க இப்போது சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கும் முன் ஒருமுறை இடது மணிக்கட்டைப் பார்த்துவிடுகிறார்.

பழைய எச்.எம்.டி. வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. வெள்ளை டயல் ஜனதா, 4-க்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி, மற்ற இடமெல்லாம் சுத்தம். எங்காவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சொல்லும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டேன்.