வைஃபைக்கு ஒரே பெயரா, இரண்டு பெயரா?

புது பிரிண்டரை வைஃபையில் சேர்க்க ஒரு மாலை முழுக்கப் போராடினேன். பாஸ்வேர்டு சரி, சிக்னலும் நன்றாக இருந்தது. ஆனாலும் சேரவில்லை. கடைசியில் ரவுட்டர் அமைப்புக்குள் போய், ஒன்றாக இருந்த வைஃபை பெயரை இரண்டாகப் பிரித்தேன். சில நிமிடங்களில் பிரிண்டர் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் இரண்டு பெயர் கட்சி.

ஒரே பெயரின் வசதி தெரிந்ததுதான். ரவுட்டர் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை கொடுக்கும்; இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் இருக்கும். எதில் சேருவது என்று போனும் ரவுட்டரும் பார்த்துக்கொள்ளும். வீட்டில் போனும் லேப்டாப்பும் மட்டும் இருந்தால் அதுவே போதும், பிரிக்க வேண்டாம்.

பிரிண்டர் வந்ததும் கதை மாறுகிறது. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். சில ரவுட்டர்களோ கருவிகளை 5 பக்கம் தள்ளுவதற்காக 2.4-இல் உடனே பதில் சொல்லாமல் தாமதிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பாதுகாப்பு முறை. பெயர் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு முறையும் ஒன்றுதான். புதிய முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர் சேராது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-க்கு இறக்கினால், ஒரு பிரிண்டருக்காக வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் இறங்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் 2.4-க்கு டபிள்யூபிஏ2, 5-க்கு டபிள்யூபிஏ3 என்று தனித்தனியே வைக்கலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

பெயரைப் பிரித்தால் போனிலிருந்து பிரிண்ட் கொடுக்க முடியாதே என்று நானும் பயந்தேன். அப்படியில்லை. பெயர் இரண்டானாலும் உள்ளே நெட்வொர்க் ஒன்றுதான்; போன் 5-இலும் பிரிண்டர் 2.4-இலும் இருந்தாலும் ரவுட்டர் இணைத்துவிடும். வீட்டுக்கு வருபவர்களுக்காக ரவுட்டரில் தனியாக வைக்கும் விருந்தினர் பெயர் மட்டும் வேறு ரகம். அதில் சேர்ந்த போனுக்கு வீட்டு பிரிண்டர் பொதுவாகக் கண்ணில் படாது. அப்புறம், பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர் தெரிந்தால், அது பெரும்பாலும் பிரிண்டரே வெளியிடும் பெயர். லேப்டாப்பை அதில் இணைத்தால் பிரிண்ட் வரும், அந்த வைஃபை வழியாக இன்டர்நெட் வராது.

பிரிக்கும்போது பழைய பெயரை 2.4-க்கே விட்டுவிடுங்கள். பிரிண்டர், வைஃபையில் இயங்கும் பல்பு, பிளக் எல்லாம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கும். போனில் புதுப் பெயரைச் சேர்ப்பது சுலபம். நாளைக்கு ரவுட்டரை மாற்றினாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு முறையைக் கொடுங்கள். கருவிகள் பொதுவாகத் தானாகவே வந்து சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால்கூட அது வேறு பெயர்தான்.

தமிழில் பெயர் வைக்க ஆசை இருந்தால் ஒரு கணக்கு. பெயருக்கு மொத்தம் 32 பைட் இடம்தான். எழுத்துகளைக் கணினியில் பதியும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும், அதன் புள்ளிக்கும், கொம்புக்கும் தலா 3 பைட் போகும். 'நம்ம வீடு' 25 பைட்டில் அடங்கும். 'எங்கள் வீட்டு' 37 ஆகிவிடும். சின்னத் திரை கொண்ட பிரிண்டர் அந்த எழுத்தைக் காட்டாமலும் போகலாம். அதனால் 2.4-க்கு ஆங்கில எழுத்தே நல்லது.

வீடு முழுக்க சிக்னல் கிடைக்கப் பல பெட்டிகள் சேர்ந்து இயங்கும் மெஷ் கருவிகளில் எனக்குச் சில நாள் பழக்கம்தான். இதே அழுத்தத்தோடு அங்கே சொல்ல மாட்டேன். பலவற்றில் பெயரைப் பிரிக்கவே வழியில்லை. புதுக் கருவி சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ நிறுத்திவைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. பிரிண்டர் பெட்டியைப் பிரிக்கும் முன் அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.