வாத்தா, வுட்சக்கா? ஹெபடைடிஸ் பி ஆய்வில் என் தேர்வு

ஹெபடைடிஸ் பி வைரஸ் சாதாரண எலிகளைத் தொற்றாது. அதனால் அதன் உறவு வைரஸ்களைச் சுமக்கும் விலங்குகளையே ஆய்வாளர்கள் நாடினார்கள். 1978-இல் வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்கிலும், 1980-இல் பெக்கின் வாத்திலும் அத்தகைய வைரஸ்கள் இருப்பது வெளியானது. மருந்துச் சோதனைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நான் வாத்தை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டு வைரஸ்களும் முக்கியமாக ஈரலில் குடியிருக்கின்றன, இரண்டின் மரபணுத்தொகுதியும் மிகச் சிறியது. இதில் அலச அதிகமில்லை.

முடிவைத் தீர்மானித்தது குஞ்சுகள் கிடைக்கும் எளிமை. இந்தத் தொற்றின் போக்கு வயதைப் பொறுத்தது. பொரித்த சில நாள்களுக்குள் வைரஸைச் செலுத்தினால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். வளர்ந்த வாத்து பெரும்பாலும் தானே மீண்டுவிடும். மனிதக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஆகவே ஒரே வயதுக் குஞ்சுகள் கூட்டமாகத் தேவை. முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தால் சுமார் 28 நாளில் குஞ்சுகள் வந்துவிடும். வுட்சக்கோ குளிர்காலம் முழுக்க உறங்கும், ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். ஒரு பருவம் தவறினால் அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். அதை நான் வளர்த்ததில்லை. அன்றாடப் பராமரிப்பு பற்றி வளர்த்தவர்கள் சொல்வதையே நம்ப வேண்டும். வாத்திலும் ஒரு கவனம் வேண்டும்: தாயிடமிருந்து முட்டை வழியாகவே வைரஸ் குஞ்சுக்குப் போகும். எனவே வாங்கும் மந்தையின் இரத்தத்தைப் பரிசோதிக்காமல் சோதனையைத் தொடங்கவே கூடாது.

வாத்து தந்த அறிவும் பெரிது. இந்த வைரஸ் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருகுகிறது என்பதை 1982-இல் சம்மர்ஸ், மேசன் என்ற ஆய்வாளர்கள் வாத்து ஈரலில்தான் கண்டார்கள். செல்லின் உட்கருவில் பதுங்கி, மருந்தை நிறுத்தியதும் நோயைத் திரும்பக் கொண்டுவரும் வளைய டிஎன்ஏ எப்படிச் சேர்கிறது என்பதும் வாத்தின் ஈரல் செல்களில்தான் தெளிவானது.

நம் கீழாநெல்லியும் இரண்டு விலங்குகளிடமும் சோதிக்கப்பட்டது. 1987-இல் வெளிவந்த வுட்சக் ஆய்வு நம்பிக்கை தந்தது. 1990-இல் வெளிவந்த வாத்து ஆய்வில் இரத்தத்தில் இருந்த வைரஸின் அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பின்னர் மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகளும் அந்தத் தொடக்க நம்பிக்கையை உறுதிசெய்யவில்லை.

ஈரல் புற்றுநோய்தான் உங்கள் கேள்வி என்றால் மட்டும் வாத்தை விட்டுவிடுங்கள். நாள்பட்ட தொற்றுள்ள வுட்சக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சில ஆண்டுகளில் அது வந்துவிடுகிறது, வாத்துக்கு அரிதாகவே வருகிறது.