லைவ் வாசிக்க வாங்கிய பெடலும் விடாத ஹம்மும்

சித்தப்பா மகன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற கிட்டார் பெடல் விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" அன்று சாயங்காலம்தான் அதன் யூஎஸ்பி சாக்கெட்டை மாற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். இருந்த கோபத்தில் "வேண்டாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ஒரு மெசேஜில் சொல்லி முடிகிற காரணம் இல்லை அது.

இரண்டரை வருடமாக சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து லைவ் வாசிக்கிறேன். கிட்டார் இந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடலுக்குள், அதாவது காலால் மிதித்து கிட்டார் சத்தத்தை விதவிதமாக மாற்றும் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி ஒயர் லேப்டாப்புக்கு, அதில் ஓபிஎஸ் என்ற லைவ் ஒளிபரப்பு மென்பொருள், அப்புறம் யூடியூப். கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகத் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி கிடையாது. அதற்காகத்தான் இதையே வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் லேப்டாப்பிலேயே கிட்டார் ஆம்ப்ளிஃபையர் போலச் சத்தம் தரும் மென்பொருள் போட்டு வாசித்தேன். கம்பியை மீட்டுவதற்கும் காதில் கேட்பதற்கும் நடுவில் விழும் இடைவெளி என்னைப் பாடாய்ப் படுத்தியது. லேப்டாப் சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்பும்; அந்தத் துண்டுதான் பஃபர். அது 256 சாம்பிள் என்றால், நொடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை, டிரைவர் எடுத்துக்கொள்வது தனி. பஃபரைக் குறைத்தால், ஓபிஎஸ் ஓடும்போது சத்தம் பொரிய ஆரம்பித்துவிடும். பெடலில் இந்தக் கவலையே இல்லை. ஹெட்போனைப் பெடலிலேயே செருகிவிடுகிறேன். லேப்டாப் திணறியிருக்கிறது, நெட் அறுந்திருக்கிறது, ஆனால் இரண்டரை வருடத்தில் ஒரு நாள்கூட என் காதில் தாளம் தப்பியதில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு டிலே என்ற எதிரொலி எஃபெக்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கும்போது கிடைக்கிற நிம்மதியை எனக்கு வேறு எந்தப் பொருளும் தந்ததில்லை.

ஓபிஎஸ்ஸில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கிட்டார் இடது காதில் மட்டும் கேட்டால் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸில் மோனோவை டிக் செய்ய வேண்டும். என் பெடல் 44.1 கிலோஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், அதனால் ஓபிஎஸ்ஸையும் 44.1-க்கே மாற்றிவிட்டேன்; யூடியூப் லைவில் ஸ்டீரியோவுக்குச் சொல்வதும் அதுதான். பேசுகிற மைக்குக்குப் போடும் நாய்ஸ் சப்ரெஷனை கிட்டார் பக்கம் கொண்டுவரவே கூடாது. மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளப் பழக்கிய ஃபில்டர் அது; நீட்டி நிறுத்திய ஸ்வரத்தைப் பாதியிலேயே தின்றுவிடும். கேமரா பின்தங்குவதால் ஆடியோவையும் அதே அளவு தாமதிக்க சிங்க் ஆஃப்செட் கொடுக்க வேண்டும். எனக்கு 120 மில்லிசெகண்டில் விரலும் சத்தமும் சேர்ந்தன.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சரியாகாதது ஹம், அடியில் விடாமல் ஓடும் ரீங்காரம்.

முதல் மாதமே ஒருவர் கேட்டார், "அண்ணே, பின்னாடி ஃபேன் ஓடுதா?" ஃபேன் அணைத்துத்தான் இருந்தது. கிளீன் டோனில் அவ்வளவாகத் தெரியாது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மிதித்தால், பாட்டுக்கு இடையில் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் "ம்ம்ம்" என்று அடியில் ஒரு சத்தம், அதற்கு மேலே "ஈஈ" என்று மெல்லிய விசில். முதலில் கிட்டார் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பால் வருவது என்றால், கிட்டாரைப் பிடித்தபடி திரும்பினால் ஹம் கூடும், குறையும். நான் அறையைச் சுற்றியே வந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். சுத்தமாக நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டரில் "உங்க வீட்டு கரண்ட் பிராப்ளம் சார்" என்றார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கத்திவிட்டு வந்தேன். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. எலக்ட்ரீஷியனை வரவழைத்தபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிக் காட்டினார். எர்த் பின்னுக்கு ஓட்டை இருக்கிறது, உள்ளே ஒயரே இல்லை. லேப்டாப் சார்ஜரில் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும். அது எர்த்தில் இறங்க வேண்டும். இறங்க வழி இல்லாததால் யூஎஸ்பி ஒயரின் கிரவுண்டை (மின்சாரம் திரும்பும் பொது இணைப்பு) பிடித்துப் பெடலுக்கு வந்து, கிட்டார் கம்பி வரைக்கும் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று இருந்ததற்கும் அதுதான் காரணம். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சியில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே இறந்துபோனார். ஹம் குறைகிறது என்று எர்த் பின்னை எடுத்துவிட்டு வாசிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எர்த் போட்டதும் சுருக்கும் நின்றது, "ம்ம்ம்" சத்தமும் நின்றது. விசில் நிற்கவில்லை. இங்கேதான் எனக்குக் கம்பெனி மேல் கோபம். இந்த வகைப் பெடல்களில் யூஎஸ்பி ஆடியோ மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலமாகப் போகும். நொடிக்கு ஆயிரம். அந்தத் துடிப்பு கிரவுண்டில் ஏறினால் 1000 ஹெர்ட்ஸில் விசிலாகக் கேட்கும். முதல் கம்பியின் 19-ஆவது ஃப்ரெட்டில் வரும் பி என்ற ஸ்வரம் 988 ஹெர்ட்ஸ். அதைவிடக் கொஞ்சம் மேலே, பி-யும் இல்லாமல் சி-யும் இல்லாமல், எந்த ஸ்ருதிக்கும் சேராமல் நிற்கிறது இந்த விசில். கேட்பவர்களுக்கு என்னவென்று தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். வாசிக்கிற எனக்கோ அந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் விரல் போகும்போதெல்லாம் கூசும். லைவுக்கு என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கும் பொருளில் இதைத் தடுக்க உள்ளேயே வழி செய்திருக்க வேண்டாமா? மேனுவலில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

அப்புறம் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கினேன். இரண்டு பக்கத்து கிரவுண்டையும் பிரித்துவிடும் சின்னப் பெட்டி. மலிவானவை பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, என் பெடலுக்கு அது போதும். விசில் மறைந்த அன்று ஹெட்போனைக் கழற்றாமல் அமைதியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. ஆனால் அந்தப் பெட்டி பெடலின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. காலால் பேட்ச் (சேமித்து வைத்த டோன்) மாற்றும்போதெல்லாம் ஆடியது. சாக்கெட் தளர்ந்து, ஒரு சனிக்கிழமை பாட்டின் நடுவில் சத்தமே போய்விட்டது. வாரண்டி செல்லாது, நீங்கள் உடைத்தது என்றார்கள். காசு கொடுத்து மாற்றினேன்.

இப்போது ஐசொலேட்டரை மாட்டப் பயமாக இருக்கிறது. மறுபடியும் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் வாசிக்கிறேன். ஓபிஎஸ் ஓடினால் எழுபது நிமிடம் தாங்கும். எத்தனை பாட்டு வாசிக்கலாம் என்பதை இப்போது லேப்டாப் பேட்டரிதான் முடிவு செய்கிறது. கடைசிப் பாட்டு வாசிக்கும்போது கண் ஃப்ரெட்போர்டில் இல்லை, திரையின் மூலையில் இருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

டோன் நல்ல டோன், காதுக்குத் தாமதம் இல்லை, விலையும் இறங்கிவிட்டது. இவ்வளவும் எழுதிய பிறகும், தம்பி, என் பதில் வேண்டாம் என்பதுதான். அதே காசுக்கு பழைய பெடல் ஒன்றும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் தனித்தனியாகத் தேடு. அதற்கு முன்னால் உன் மாடி வீட்டு ப்ளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் இந்த சனிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்கு வா. சார்ஜரோடு ஒரு பாட்டு, சார்ஜர் இல்லாமல் அதே பாட்டு வாசித்துக் காட்டுகிறேன். உன் ஹெட்போனைக் கொண்டு வா.