சாஃப்ட்னர் வாங்குமுன் படியுங்கள்: 38,500 ரூபாய் கொடுத்து நான் விலைக்கு வாங்கிய வேலை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘சரி, போகட்டும்’ என்று விட்டுவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷினை எனக்கு விற்ற டீலர் இன்று காலை போனில் கடைசியாகச் சொன்னது இது: “மேடம், மெஷின்ல ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டுலதான் தண்ணி ஜாஸ்தி புழங்கறீங்க.” 38,500 ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நாங்கள் குளிப்பதைக் குறை சொல்கிறார்.

எங்கள் வீடு கோவையில் சரவணம்பட்டி பக்கம். குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் சோப்பு நுரைக்காததே பெரிய அதிர்ச்சி. பக்கெட்டில் வெள்ளைப் படிவு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, கீசருக்கு மூன்று வருடத்தில் இரண்டு காயில். பெரியவளுக்கு முடி கொட்டுகிறது என்று ஆரம்பித்ததும் சாஃப்ட்னர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் தேடி, நிறைய நட்சத்திரம் வாங்கிய ஒரு டீலரைப் பிடித்தேன். பெயர் எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாளே ஒரு தம்பி வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றினான். அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கொண்டுபோய் சிங்கில் வைத்தான். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒரு பைப் ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்காமலேயே பையிலிருந்து வாஷர் எடுத்து மாற்றிவிட்டு, “காசெல்லாம் வேணாங்க்கா” என்றான். அத்தைக்கு அப்போதே அவன் பேரனாகிவிட்டான்.

அப்புறம் வித்தை ஆரம்பித்தது. பேனா மாதிரி ஒரு மீட்டரை எங்கள் தண்ணீரில் விட்டு, “1,420 காட்டுது பாருங்க்கா, இதுதான் ஹார்ட்னஸ்” என்றான். இரண்டு டம்ளர் வைத்தான். ஒன்றில் எங்கள் போர் தண்ணி, இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணி. இரண்டிலும் கம்பி விட்டு கரன்ட் கொடுத்தான். எங்கள் தண்ணி ஒரு நிமிடத்தில் பழுப்புச் சாக்கடையானது, அவனுடையது அப்படியே நின்றது. அத்தை “அய்யோ, இதையா ஊத்திக்கிட்டு இருந்தோம்” என்று நெஞ்சில் கை வைத்தார்.

இப்போது தெரிகிறது. அந்த மீட்டர் காட்டுவது டிடிஎஸ், தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. கடினத்தன்மை என்பது அதில் கால்சியம், மெக்னீசியம் பங்கு மட்டும். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் என்கிற குட்டி மணிகள் இந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகின்றன. அதனால் எத்தனை லட்சத்துக்கு சாஃப்ட்னர் போட்டாலும் டிடிஎஸ் குறையாது. ரெசின் நிரம்பியதும் உப்புப் போட்டு அலசினால்தான் மறுபடி பிடிக்கும். டம்ளரில் வந்த பழுப்பு, கரைந்த அந்த இரும்புக் கம்பியே. உப்பு இருக்கிற எந்தத் தண்ணியிலும் வரும். ஆர்ஓ தண்ணியில் உப்பு குறைவு, கரன்ட் அவ்வளவாகப் பாயாது, அதனால் அப்படி வராது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். காபி டம்ளரைக் கழுவப் போகிற பையன் முன்னால் மூளை வேலை செய்யவில்லை.

ஆனால் நான் விழுந்த இடம் இது இல்லை. நான் சும்மா இருக்காமல், “பெரிய மெஷினாவே போட்டுடலாமா தம்பி? ஆறு பேர் இருக்கோம், தினம் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒண்ணு காலியாகுது” என்று கேட்டேன். அவன் சொன்னான்: “வேணாங்க்கா. அதெல்லாம் ஹாஸ்டலுக்குப் போடறது. உங்களுக்கு 25 லிட்டர் ரெசின் மெஷின் தாராளம். இது 10,000 லிட்டர் கெபாசிட்டி. பத்து நாளைக்கு ஒருக்கா உப்புப் போட்டா போதும். எதுக்குங்க்கா வீண் செலவு?”

வியாபாரி ஒருவன் பெரியதை வேண்டாம் என்று சொல்லிச் சின்னதைத் தருகிறானே! இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்காரர் ஆபீஸில் இருந்தார். அவரிடம் கேட்காமலேயே 38,500 ரூபாயை ஜிபே செய்தேன். முழுசாக, முன்பணமாக. அவன் கையில் அந்த ஒரு அளவுதான் ஸ்டாக் இருந்தது என்று பின்னால் எங்கள் பிளம்பர் அண்ணன் விசாரித்துச் சொன்னார்.

புதன்கிழமை மதியம் மாட்டினார்கள். வியாழக்கிழமை தண்ணி வழவழவென்று வந்தது, சோப்பு பொங்கியது, அத்தை எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பக்கெட்டில் பழையபடி வெள்ளை.

போன் செய்தேன். “புது ரெசின் செட் ஆக ஒரு வாரம் ஆகுங்க்கா.” ஒரு வாரம் பொறுத்தேன். “உப்புப் போட்டீங்களா? போட்டுப் பாருங்க.” போட்டேன், ஒன்றரை நாள் நன்றாக வந்தது, மறுபடி வெள்ளை. “பொடி உப்பு போட்டிருப்பீங்க, கல் உப்பு போடுங்க.” நான் போட்டதே கல் உப்பு. நாலாவது தடவை அந்தத் தம்பி போனை எடுக்கவில்லை. அப்புறம் வேறு ஒருவர் வந்து, மெஷின் மேலிருக்கும் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு சர்வீஸ் சார்ஜ் 650 ரூபாய் கேட்டார். வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத மெஷினுக்கு! கொடுத்தேன் என்பதுதான் கேவலம். ஆப்பில் புகார் போட்டால், “நாங்கள் வாடிக்கையாளரையும் டீலரையும் இணைப்பவர்கள் மட்டுமே” என்று ஒரு பதில், கூடவே எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க விருப்பமா என்று ஒரு கேள்வி.

பிளம்பர் அண்ணன்தான் முதலில் கேட்டார், “ஹார்ட்னஸ் டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?” என்று. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தோம். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 812 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 200 வரை சரி என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 600. எங்களுடையது அதையும் தாண்டியது.

அப்புறம் அவர் ஒரு பழைய கரன்ட் பில் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் ரெசின் ஒருமுறை உப்புப் போட்டால் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். எங்கள் தண்ணியில் லிட்டருக்கு 0.8 கிராம் என்று வைத்தால், 1,250ஐ 0.8ஆல் வகுத்தால் 1,560 லிட்டர் சொச்சம். தினம் ஆயிரம் லிட்டர் புழங்கும் வீட்டுக்கு ஒன்றரை நாள். பக்கெட்டைப் பார்த்து நான் சொன்ன அதே ஒன்றரை நாள்!

அப்படியானால் 10,000 லிட்டர் எங்கிருந்து வந்தது? அவன் கொடுத்த நோட்டீஸைத் தேடி எடுத்து, அத்தையின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கடைசி வரியில் எறும்பு மாதிரி எழுத்தில் ‘125 பிபிஎம் கடினத்தன்மையில்’ என்று இருந்தது. பிபிஎம் என்பது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. 125 என்றால் லிட்டருக்கு 0.125 கிராம். 1,250ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், அச்சு அசலாக 10,000. அந்த 10,000 பொய்யே இல்லை. எங்கள் ஏரியா போர் தண்ணிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு உண்மையைச் சொல்லி 38,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னதற்குத்தான் டீலர், நாங்கள் தண்ணி ஜாஸ்தி புழங்குவதாகச் சொன்னார்.

இப்போது என் நிலைமை: ஒன்றரை நாளுக்கு ஒருமுறை மூன்றரைக் கிலோ உப்பு. மாதம் 70 கிலோ. ஊறுகாய்க் கம்பெனி வைத்திருக்கிறோமா என்று மளிகைக்கடை அண்ணாச்சி கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் திருப்பி, அலசி, உப்புத் தண்ணி உறிஞ்சவிட்டு, மறுபடி அலச வேண்டும். ஒரு மணி நேரம் போகிறது. அலசிய தண்ணி நேராகச் செடிப் பக்கம் போனதில் எங்கள் கறிவேப்பிலைக் கன்று கருகிவிட்டது. போதாததற்கு மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்டிவிட்டுப் போனதில் ஷவரில் தண்ணி நூல் மாதிரி வருகிறது.

நாலு நாளைக்கு ஒருமுறை உப்புப் போட்டால் போதும் என்றால், எங்கள் வீட்டுக்கு 64 லிட்டர் ரெசினாவது வேண்டும். நான் கேட்ட அந்த ‘ஹாஸ்டல்’ மெஷின். ஆனால் அதை வாங்கினாலும் மாதத்துக்கு அதே அளவு உப்புதான் போகும், கைப்பிடி திருப்புகிற வேலை மட்டும் குறையும். உப்பைக் குறைக்க பிளம்பர் அண்ணன் சொல்கிற வழி வேறு: கக்கூஸ் ஃப்ளஷ், வாசல், வண்டி, செடி எல்லாவற்றுக்கும் போர் தண்ணியே நேராகப் போகட்டும், குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் சாஃப்ட்னர் லைன். அதற்குத் தனிக் குழாய் இழுக்க வேண்டும். அது தனிச் செலவு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், பொறுமை போய்விட்டது. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் பேனாவை வைத்து சாஃப்ட்னர் விற்க வருகிறவனைக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். கடினத்தன்மையை ஆய்வகத்தில் பாருங்கள், அல்லது சொட்டு விட்டால் சிவப்பிலிருந்து நீலமாகும் கிட் கிடைக்கிறது. ‘எத்தனை ஆயிரம் லிட்டர்’ என்று சொன்னால் ‘எத்தனை பிபிஎம்மில்’ என்று கேளுங்கள். உங்கள் தண்ணிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை உப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வாசலைக் காட்டுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். காந்தம் வைத்த குழாய், கரன்ட் கண்டிஷனர் என்று அடுத்து வருவார்கள், அவை கால்சியத்தை எடுக்காது.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லையாம். போவேன். 38,500, அப்புறம் அந்த 650. இரண்டையும் சேர்த்துக் கேட்பேன்.

அத்தை மாடியிலிருந்து கூப்பிடுகிறார், பக்கெட்டில் வெள்ளை தெரிகிறதாம். நேற்று முன்தினம் இரவுதான் போட்டேன். மூன்றரைக் கிலோ. போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.