கால் கட்டைவிரல் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள்: சிங்கப்பூருக்கு விடுப்பில் வருவோருக்கு

சாங்கியில் இறங்கிய பிறகு, சர்க்கரை நோயுள்ள அப்பாவின் கால் ரத்த ஓட்டப் பரிசோதனைக்கு நாள் கேட்டால், நீங்கள் பெர்த்துக்கோ லண்டனுக்கோ திரும்பிய பிறகுதான் நாள் கிடைக்கும். டிக்கெட் போட்ட கையோடு ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரத் தளத்தில் பராமரிப்பாளராகப் பதிந்துகொண்டால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அங்கிருந்தே முன்பதிவு செய்யலாம். அதில் நுழையத் தேவையான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வெளிநாட்டிலும் வேலை செய்யும். செலவுக்கு அப்பாவின் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) போதாவிட்டால் பிள்ளையின் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். இன்னொன்று: அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் நேராகப் போனால் தனியார் கட்டணம், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கான வருடாந்தரப் பாதப் பரிசோதனையில் 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். நாடி தெளிவாகக் கிடைக்காவிட்டால்தான் கருவிகளின் வேலை தொடங்குகிறது.

முதலில் கணுக்கால்–கை விகிதம், ஏபிஐ. ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு, இரண்டு கைகளிலும் கணுக்கால்களிலும் ரத்த அழுத்தப் பட்டை கட்டி, ஜெல் தடவி, டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்பார்கள். கையின் ரத்த அழுத்தம் 148, கணுக்காலில் 118 என்றால் விகிதம் 0.80 (118 ÷ 148). 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு. 1.00 முதல் 1.40 வரை சரியான அளவு.

சிக்கல் இந்தச் ‘சரியான அளவில்’தான். இருபது வருடமாகச் சர்க்கரை உள்ளவர், டயாலிசிஸ் செய்பவர் போன்றோரின் கணுக்கால் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, தமனி குழாய்போல விறைத்துவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்காது. கை 150, கணுக்கால் 216, விகிதம் 1.44 என்று வரும். 1.40ஐத் தாண்டினாலாவது யாராவது சந்தேகப்படுவார்கள். உண்மையில் 0.7ஆக இருக்க வேண்டியது விறைப்பால் 1.1 ஆகி அழகாக நின்றுவிட்டால், ‘நார்மல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கால் விரல்களின் சிறு தமனிகளில் இந்த விறைப்பு பெரும்பாலும் குறைவு. அதனால் நீண்ட நாள் சர்க்கரைக்காரருக்கு ஏபிஐயோடு கட்டைவிரல் அழுத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். விரல்–கை விகிதம் 0.70க்குக் கீழே போனால் இயல்பல்ல. விரல் அழுத்தமே 30க்குக் கீழே இருந்தால் அந்தக் காலில் வரும் புண் தானாக ஆறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது உடனே ரத்தநாள அறுவை நிபுணரிடம் போக வேண்டிய நிலை.

விரலை அளக்கும் சென்சார் எளிமையானது. சின்னதொரு விளக்கு அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் அனுப்பும். திரும்பி வரும் ஒளி ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும். விரலடியில் கட்டிய பட்டை காற்றை விடும்போது அலை எந்த அழுத்தத்தில் திரும்புகிறதோ அதுதான் விரல் அழுத்தம். எளிமையானது என்பதால் கெடுவதும் எளிது. நம்மூர் ஏர்கான் குளிரில் கால் சில்லிட்டால் அலையே வராது. பத்து நிமிடம் போர்வை போர்த்திவிட்டு அளக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, கொப்பளித்துவிடும். பூஞ்சையால் தடித்த நகம், நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி ஆகியவை ஒளியை மறைக்கும். கட்டைவிரலில் புண் இருந்தால் அடுத்த விரலில் அளப்பார்கள். அம்மாவின் மெட்டி அங்கேதான் இருக்கும், பல வருடமாகக் கழற்றாமல்! வீட்டிலேயே சோப்பு தடவிக் கழற்றிவிட்டுக் கூட்டிப்போங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் வேண்டாம்.

ஓரிடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தே அளந்தார்கள். இது பெரிய தவறு. இதயத்துக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கூடும். பாதம் 50 செ.மீ. தாழ்ந்திருந்தால் 40 கூடுதலாகக் காட்டும். அதாவது 25 உள்ள விரல் 65 என்று ஏமாற்றும்.

புண் ஆறுமா என்று பார்க்கத் தோல்வழி ஆக்சிஜன் அளவியும் உண்டு. பாதத்தின் மேல் ஒட்டும் மின்முனை 44 டிகிரி வரை சூடாகும், எண் நிலைப்பதற்கே 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். எடுத்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். இது பலதுறை மருந்தகத்து வேலையல்ல, மருத்துவமனை வேலை.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் காலில் மாட்டி 98 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறதா என்றுதான் சொல்லும், எவ்வளவு ரத்தம் வருகிறது என்று சொல்லாது. போதாக்குறைக்கு, கருத்த தோலில் கொஞ்சம் கூட்டியும் காட்டும். பாத வெப்பநிலை பார்க்கும் பாய் வேறு காரியத்துக்கு. ஒரே இடத்தில் இரு பாதங்களுக்கும் 2.2 டிகிரி வித்தியாசம் தொடர்ந்து இருந்தால், சூடான பக்கத்தில் அழற்சி, புண் வரப்போகிறது என்று எச்சரிக்கும். இரண்டு காலிலும் ஓட்டம் குறைந்திருந்தால் வித்தியாசமே வராது. பாய் நல்ல பொருள்தான், அடைப்பைத் தேட மட்டும் உதவாது.

கருவியில்லாமல் நீங்களே கவனிக்க ஒன்று உண்டு. தேக்கா சந்தைக்குள் நடக்கும்போது அப்பா கெண்டைக்கால் பிடிக்கிறது என்று நின்று, நின்றபடியே சில நிமிடத்தில் சரியானால் தமனியைச் சந்தேகப்படுங்கள். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் சரியாகிறதென்றால் முதுகெலும்பாக இருக்கலாம். வலியே இல்லை என்பதும் ஆறுதல் இல்லை. நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது.

திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்து, வலித்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு உடனே 995ஐ அழையுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் தசை மீளாமல் போகலாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர் என்றால் அதை ஆம்புலன்ஸ்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ரத்தக்கட்டி இதயத்திலிருந்து வந்திருக்கக்கூடும்.